பாலில் கொழுப்பு திடீரென்று குறைவது ஏன்? மாட்டுக்கு உடம்பு சரியில்லையா?

பாலில் கொழுப்பும் புரதமும் எவ்வளவு என்று பார்த்தே மாட்டின் தீனியும் உடல்நிலையும் எப்படி இருக்கின்றன என்று கணிக்கலாம். வண்டிப் புகையைப் பார்த்து மெக்கானிக் இன்ஜின் நிலையைச் சொல்வாரே, அது மாதிரி.

வைக்கோல், புல்லின் நார் மாட்டின் வயிற்றில் நொதித்து அசிட்டிக் அமிலம் உண்டாகிறது. பால் கொழுப்புக்கு அதுதான் முக்கிய மூலப்பொருள். நாரைக் குறைத்து அரிசிக் கஞ்சியாக ஊற்றினால் (பாசத்தில் செய்வதுதான்!) வயிற்றில் புளிப்பு ஏறும், கொழுப்பு இறங்கும். கொழுப்பு புரதத்துக்கும் கீழே போனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கன்று ஈன்ற புதிதில் கொழுப்பு புரதத்தைப் போல 1.5 மடங்கு ஆனால், அப்புறம் அது வேறு கதை: தீனி போதாமல் மாடு தன் உடம்பையே கரைக்கிறது.

கொழுப்பு குறைந்தாலே தண்ணீர் கலந்த பால் என்று நினைப்பது தவறு. தண்ணீர் கலந்தால் எஸ்.என்.எஃப்.பும் (பாலில் கொழுப்பு தவிர்த்த மற்ற திடப்பொருள்கள்) சேர்ந்தே இறங்கும்.