பூ பூக்கிறது, காய் நிற்கவில்லை: தாட்பூட் பழக் கொடி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நிறையப் பேர் பேஷன் ஃப்ரூட் கொடியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் தாட்பூட் பழம், இலங்கையில் கொடித்தோடை. பந்தல் போட இடமும் நல்ல வெயிலும் இருந்தால் வீட்டுத் தோட்டத்துக்கு இதைப்போல அருமையான கொடி வேறு இல்லை என்பது என் எண்ணம். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

மாடியில் இரண்டு மஞ்சள் பேஷன் ஃப்ரூட் கொடிகள் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா தன் கொடியிலிருந்து வெட்டிக் கொடுத்த குச்சிகள். பந்தல் முழுக்கப் படர்ந்து தினமும் பூக்கிறது. ஆனால் மறுநாளே பூ உதிர்ந்துவிடுகிறது. பஞ்சகவ்யா, மீன் அமிலம், மோர்க்கரைசல் எல்லாம் கொடுத்துவிட்டேன். என்ன சத்துக் குறைவு?
— வாசகி, தாம்பரம்

சத்துக் குறைவே இல்லை. பந்தல் முழுக்கப் படர்ந்து தினமும் பூக்கிற கொடிக்கு வயிறு நிறைந்துதான் இருக்கிறது. முதலில் அந்த மீன் அமிலத்தை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலையும் கொடியும்தான் பெருகும்.

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டு குச்சியும் ஒரே அக்கா வீட்டு ஒரே கொடியிலிருந்து வந்தவை. மஞ்சள் ரகம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரு கொடியில் வெட்டிய குச்சிகளை நீங்கள் பத்து இடத்தில் நட்டாலும் கொடிக்கு அது ஒரே செடிதான். இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்கு எத்தனை வண்டு போனாலும் காய் நிற்காது. பக்கத்து வீட்டுக் கொடியும் அதே செடி என்பதால் அதுவும் உதவாது. வேறு ஊரிலிருந்து, வேறு தோட்டத்திலிருந்து ஒரு மஞ்சள் கொடியைக் கொண்டுவந்து நடுங்கள். விதையில் முளைத்த கன்று என்றால் இன்னும் நல்லது.

அது வளர்ந்து பூக்கும்வரை என்ன செய்வது? தெரிந்தவர் யார் வீட்டிலாவது வேறு கொடி இருந்தால் அன்று மலர்ந்த பூ ஒன்றைச் சின்ன டப்பாவில் வாங்கி வாருங்கள். மஞ்சள் ரகம் உச்சிப்பொழுதில்தான் மலரும், இரவு ஒன்பது, பத்து மணிக்கு மூடிவிடும். காலையில் பார்த்துவிட்டு 'மொட்டாகவே இருக்கிறது' என்று போகிறவர்கள் பூவையே பார்ப்பதில்லை. ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு மாடிக்குப் போய் ஒரே ஒரு பூவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நடுத்தண்டின் உச்சியில் ஆணி போல மூன்று சூல்முடிகள் இருக்கும். அவற்றுக்குக் கீழே ஐந்து மகரந்தப் பைகள், முகம் கீழே பார்த்தபடி. மலர்ந்த புதிதில் சூல்முடிகள் நிமிர்ந்து நிற்கும். ஒரு மணி நேரம் போல ஆனதும் மெல்ல வளைந்து மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு இறங்கி வரும். அதுதான் நேரம். டப்பாவில் உள்ள பூவிலிருந்து ஒரு மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து, மஞ்சள் பொடி ஒட்டுகிற மாதிரி மூன்று சூல்முடிகளிலும் தேயுங்கள். மூன்றிலும் படவேண்டும். சில பூக்களில் சூல்முடி கடைசிவரை வளையாமல் நிமிர்ந்தே நிற்கும். அவற்றை விட்டுவிடுங்கள், அநேகமாகக் காய்க்காது.

காய் பிடித்ததா என்று தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பிடிக்காத பூ மறுநாள் காம்போடு விழுந்துவிடும். பிடித்ததில் இரண்டு மூன்று நாளில் நடுவே பச்சைக் குண்டு பருப்பது கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் ஒன்று. தண்ணீர் பட்டால் இந்த மகரந்தம் வெடித்து வீணாகிவிடும். மதியத்துக்கு மேல் பந்தல்மேல் தண்ணீர் தெளிக்கவோ எந்தக் கரைசலையும் அடிக்கவோ கூடாது. வீட்டுத் தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் 'சாயங்காலம் தெளிக்கவும்' என்று படித்திருப்பீர்கள். மற்றச் செடிகளுக்கு அது சரி. மஞ்சள் பேஷன் ஃப்ரூட்டுக்குச் சாயங்காலம் என்பது பூ திறந்திருக்கிற நேரம். விடிகாலையில் தெளித்து முடித்துவிடுங்கள்.

எங்கள் கொடித்தோடையில் காய் நிறைய. பழம் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் கையில் எடுத்தால் பாரமில்லை. வெட்டினால் பாதி வெறுமை. பசளை போதாதா?
— வாசகி, மட்டக்களப்பு

பசளையில் தவறில்லை, வண்டு போதவில்லை. உள்ளே இருக்கிற ஒவ்வொரு கறுப்பு விதையையும் சுற்றி ஒரு சாற்றுப் பை இருக்கிறதல்லவா, அது விதை பிடித்தால்தான் உண்டாகும். சூல்முடியில் மகரந்தம் நிறைய விழுந்தால் விதை நிறைய, சாறு நிறைய. ஏதோ கொஞ்சம் பட்டிருந்தால் ஓடு மட்டும் வளரும், உள்ளே காற்று.

இந்தப் பூவுக்கு ஏற்றது பெரிய கருவண்டு. தச்சுத் தேனீ என்றும் சொல்வார்கள். அதன் உடம்பு பருமன், தேன் குடிக்கக் குனியும்போது முதுகு மகரந்தப் பையிலும் சூல்முடியிலும் சரியாக உரசும். சின்னத் தேனீக்கு அந்த உயரம் எட்டாது. அது கீழே புகுந்து மகரந்தத்தை மட்டும் வழித்துக்கொண்டு போய்விடும். எங்கள் ஆனைமலை வீட்டில் துணி துவைக்கிற கல்லுக்கு மேலேதான் பந்தல். மதியம் அங்கே 'ங்ங்ங்' என்று கருவண்டு சத்தம் கேட்டால் எனக்கு அந்தப் பருவத்துப் பழக் கவலை தீர்ந்தது. கருவண்டு காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குடைந்துதான் குடியிருக்கும். நான் பழைய மூங்கில் கழிகளையும் பட்டுப்போன முருங்கைத் தண்டுகளையும் மழை படாமல் சுவரோரம் சார்த்தி வைத்திருக்கிறேன். 'அடுப்புக்காவது ஆகுமே' என்று அத்தை கேட்பார். தரமாட்டேன். வெறும் கையால் விரட்டாத வரை அந்த வண்டு யாரையும் தேடி வந்து கொட்டுவதில்லை. பூச்சிக்கொல்லி மருந்தை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டில் அடித்தாலும் பாதிப்பு உங்கள் பந்தலுக்குத்தான், அவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

வண்டு வரும்வரை மேலே தாம்பரம் வாசகிக்குச் சொன்னபடி கையால் தொட்டுவிடுங்கள்.

கொடைக்கானலில் வாங்கிய ஊதாப் பழத்தின் விதையைப் போட்டேன். கொடி நன்றாக வளர்ந்தது. இரண்டாவது கோடையும் போய்விட்டது, பூ இல்லை.
— வாசகர், மதுரை

ஊதா ரகம் குளிர் கேட்கிற ரகம். மலையில் அது காலையில் மலர்ந்து மதியம் மூடும், தன் மகரந்தத்திலேயே காய்க்கும், தொல்லையே இல்லை. மதுரை வெயிலில் அது உயிரோடு இருப்பதே பெரிது. இன்னொரு வருடம் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சமவெளிக்கு மஞ்சள் ரகம்தான் ஏற்றது. ஊதா நிறப் பழமேதான் வேண்டும் என்றால் காவேரி என்ற கலப்பின ரகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஊதாவையும் மஞ்சளையும் சேர்த்துக் குடகு மாவட்டம் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. மதுரைச் சூட்டில் அதற்கும் மதியத்துக்கு மேல் கொஞ்சம் நிழல் விழுகிற இடமாகப் பாருங்கள்.

கோத்தகிரியில் இருக்கிறோம். மூன்று வருடமாகக் காய்த்த ஊதாக் கொடி ஒரே வாரத்தில் வாடிவிட்டது. தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை.
— வாசகி, கோத்தகிரி

தண்டின் அடியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் வாடல் நோய். மண்ணில் இருக்கிற பூசணம் வேர் வழியாக ஏறி நீர் போகிற பாதையை அடைத்துவிடும். கொடி தாகத்தால் வாடவில்லை, அதனால் தண்ணீரும் காப்பாற்றாது. இதற்கு மருந்து கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள். வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அதே குழியில் மறுபடி இந்தக் கொடியை வைக்காதீர்கள்.

மஞ்சள் ரகத்தின் வேர் இந்த நோயைத் தாங்கும். ஆகவே மஞ்சள் வேரில் ஊதாவை ஒட்டுக் கட்டிய கன்று வாங்கி வேறிடத்தில் நடுங்கள். ஒட்டுக்கு மேலே மண் அணைக்கக் கூடாது. அணைத்தால் ஊதாத் தண்டு தானே வேர்விட்டு மண்ணைத் தொட்டுவிடும், ஒட்டுக் கட்டியதே வீணாகும். நடும்போது மக்கிய எருவில் ட்ரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து போடுங்கள். புதுக் கன்றுக்கு அது துணை செய்யும், வாடிய கொடியை எழுப்பாது.

இலைகளைச் செம்பழுப்பு நிறத்தில் முள் முள்ளாக இருக்கும் புழுக்கள் தின்று தீர்க்கின்றன. கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. தொட்டால் அரிக்குமா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

அரிக்காது. ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் புள்ளியுடன் மெதுவாகப் பறக்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. இலையின் அடிப்பக்கம் மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக இடும். வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பார்த்து, முட்டையுள்ள இலையைக் கிள்ளிவிட்டால் வேலை முடிந்தது. புழுவாகிவிட்டால் நான் ஒரு பழைய முறத்தில் தட்டி, வேலியில் தானாக வளர்கிற சிறுபூனைக்காலிக் கொடியில் கொண்டுபோய் விடுகிறேன். அதுவும் இதே குடும்பம்தான், அந்தப் புழு அதையும் விரும்பித் தின்னும். பெரிய கொடிக்குக் கொஞ்சம் இலை போனால் ஒன்றும் ஆகாது. சின்னக் கன்று என்றால் மட்டும் விடாதீர்கள், இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும்.

புதிதாக ஆரம்பிக்கிறேன். குழி, எரு, பந்தல் பற்றிச் சொல்லுங்கள்.
— வாசகி, திருவண்ணாமலை

ஆடியில் வையுங்கள். ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி. மேல் மண்ணோடு நன்றாக மக்கிய மாட்டு எருவும் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். தண்ணீர் தேங்குகிற இடம் வேண்டவே வேண்டாம். மாடி என்றால் அரை டிரம்முக்குக் குறைந்த தொட்டியில் வைக்காதீர்கள்.

விதையில் வளர்ந்தது காய்க்க ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும், குச்சியில் வந்தது கொஞ்சம் முந்தும். பந்தல் ஆறடி உயரம் போதும், கை எட்டவேண்டும். ஒரே தண்டாக மேலே ஏற்றி, பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் நாலாபுறமும் ஓடும். பூ புதுத் தளிரில்தான் வரும் என்பதால் காய்ப்பு முடிந்ததும் பழைய கொடியைக் குறைத்து வெட்ட வேண்டும். வெட்ட மனம் வராதவர்கள் வீட்டுப் பந்தலில் மேலே காய்ந்த குச்சியும் நுனியில் நாலு பூவும்தான் இருக்கும்.

வேர் மேலாகவே ஓடும். அடியில் கொத்தாதீர்கள். கரும்புச் சோகையோ காய்ந்த இலையோ கனமாக மூடாக்குப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டு விடும்போது ஒரு வாரம் தண்ணீர் தவறினாலும் மொட்டைக் கொட்டிவிடும். மாதம் ஒருமுறை எரு, வேப்பம்புண்ணாக்கு, கொஞ்சம் மரச்சாம்பல். பஞ்சகவ்யா கொடுத்தால் லிட்டருக்கு 30 மில்லி, அதற்கு மேல் வேண்டாம்.

எப்போது பறிப்பது? பேரன் பச்சைக் காயைப் பறித்துக் கடிக்கிறான்.
— வாசகர், கரூர்

முதலில் அதைத் தடுங்கள். பச்சைக் காயிலும் இலையிலும் சயனைடை வெளிவிடக்கூடிய பொருள் இருக்கிறது. பழுக்கும்போது அது மிகவும் குறைந்துவிடும். பேரனுக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள்: கீழே விழுந்ததுதான் நம்முடையது.

நீங்களும் பறிக்க வேண்டியதில்லை. பூ பிடித்ததிலிருந்து இரண்டு, இரண்டரை மாதத்தில் நிறம் மாறித் தானே விழும். பந்தலுக்குக் கீழே இரண்டடி உயரத்தில் பழைய கொசுவலையைக் கட்டிவிட்டால் அடிபடாது, எறும்பும் மொய்க்காது. விழுந்ததை உடனே வெட்டினால் புளிக்கும். அடுப்படியில் ஒரு தட்டில் போட்டுத் தோல் சுருங்கும்வரை சில நாள் விட்டால் இனிப்பு ஏறும். சுருங்கியது கெட்டுவிட்டது என்று நிறையப் பேர் தூக்கிப் போடுகிறீர்கள், அதுதான் நல்ல பழம்.

சாறுக்கு உள்ளே இருப்பதை வழித்து மிக்ஸியில் ஒரு சுற்று, நிறுத்தி இன்னொரு சுற்று. அவ்வளவுதான், விதை உடைந்தால் கசக்கும். வடிகட்டி, நாட்டுச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, பானைத் தண்ணீர் ஊற்றிப் பேரனுக்குக் கொடுங்கள்.