வாசகர் கேள்வி: பலகையில் ஒட்டிய காகிதம்

கேள்வி: அடுத்த தேர்தலில் எனக்கு முதல் ஓட்டு. வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லாரும் "சின்னத்தைப் பார்த்துப் போடு, ஆளையெல்லாம் யார் பார்க்கிறார்கள்" என்கிறார்கள். சுவரொட்டியையும் வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. நிற்பவர்களைப் பற்றி நானே தெரிந்துகொள்ள வழி உண்டா?
— கல்லூரி மாணவி, அருப்புக்கோட்டை

பதில்: உண்டு மகளே. வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26-இல் சத்தியம் செய்து கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தைப் படி.

நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2006, 2011, 2016 மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் மனு வாங்கும் இடத்தில் வேலை பார்த்தேன். வந்த பத்திரங்களின் நகலை அலுவலக வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் பசை தடவி ஒட்டியது நான்தான். எதிராளியின் சொத்துக் கணக்கைப் பார்க்கக் கட்சிக்காரர்கள் வருவார்கள், நிருபர்கள் வருவார்கள். ஓட்டுப் போடுகிறவர் வந்து படிப்பது அபூர்வம். 2011-இல் ஒரு நெசவாளர் வந்தார், வயது எழுபது இருக்கும். கோடு போட்ட நோட்டில் ஒவ்வொருவரின் நிலம், கடன், வழக்கு எல்லாவற்றையும் நின்றபடியே எழுதிக்கொண்டார். மறுநாளும் வந்தபோது ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டேன். "பொண்ணு குடுக்கிற வீட்டைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிக்கிறோம், இதுக்கு விசாரிக்க வேண்டாமா தம்பி?" என்றார். அவர் கேட்டது இன்றும் என் மனதில் நிற்கிறது.

இப்போது அப்படி நிற்க வேண்டியதில்லை. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும், அதன் செயலியிலும் தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் பத்திரம் முழுவதும் கிடைக்கும். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் 'மைநேதா' தளத்தில் பழைய தேர்தல்களின் விவரமும் உண்டு. அந்தச் சங்கம் தொடுத்த வழக்கில்தான் 2002-இல் உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்றது. அதைச் சுருக்க நாடாளுமன்றம் ஒரு சட்டப் பிரிவு கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. இவ்வளவு போராடி வாங்கியதைப் படிக்காமல் விடலாமா?

சரி, எப்படிப் படிப்பது? படிப்பு வரியை நான் கடைசியில்தான் பார்ப்பேன். பட்டம் வைத்திருப்பவர் ஊருக்கு உழைப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என் கண் முதலில் போவது வருமானம் எங்கிருந்து வருகிறது, அரசோடு ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்ற பகுதிக்கு. 2018-இல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்பவர்கள் ஆகியோரின் வருமான வழியையும் சொல்லியாக வேண்டும். கடந்த ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகையும் அதில் இருக்கும்.

அப்புறம் நிலம். இது என் துறை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அசையா சொத்துப் பட்டியலில் ஊரும் புல எண்ணும் (சர்வே நம்பர்) எழுதியிருக்கும். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். பதிவுத் துறையின் தளத்தில் அந்தப் புல எண்ணுக்கு அரசு வைத்த வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம். சந்தை மதிப்பு என்று வேட்பாளர் போட்ட தொகை அதைவிடவும் குறைவாக இருந்தால், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வை. அவர் முன்பும் நின்றவர் என்றால் ஐந்து வருடத்துக்கு முந்தைய பத்திரத்தையும் எடுத்து அருகருகே வைத்துப் பார். சொத்து கூடுவது குற்றமில்லை, நிலத்தின் விலை தானாகவே ஏறும். ஆனால் புதிதாக வாங்கிய சொத்துக்கும் காட்டிய வருமானத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. பரிசீலனை மேசையில் இருக்கும் அலுவலர், எழுதியிருப்பது உண்மையா என்று தோண்டிப் பார்க்க மாட்டார். ஒரு கட்டத்தை வெற்றாக விட்டு, சொன்ன பிறகும் நிரப்பாவிட்டால்தான் மனுவைத் தள்ள முடியும். பொய்த் தகவலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு, ஆனால் அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். அதனால் விசாரிக்கும் வேலை நம் கையில்தான் இருக்கிறது. மனு வாபஸ் வாங்கும் கடைசி நாளுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவே குறைந்தது பதினான்கு நாள் இருக்கும். ஒரு தொகுதிக்கு அது தாராளமாகப் போதும். முடித்ததும் அப்பாவிடமும் காட்டு.

கேள்வி: வழக்கு இருப்பவர்களை எல்லாம் ஒதுக்கிவிட வேண்டியதுதானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. குடிநீர் கேட்டுச் சாலை மறியல் செய்தவர் மீதும் வழக்கு இருக்கும், அடுத்தவர் பணத்தை ஏமாற்றியவர் மீதும் இருக்கும். பிரிவு எண்ணைப் பாருங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 143, 188 என்று இருந்தால் பெரும்பாலும் கூட்டம் கூடியது, தடையை மீறியது. 420 மோசடி, 307 கொலை முயற்சி, 376 பாலியல் வன்கொடுமை. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கான வழக்குகளில், புதிய சட்டத்தின்படி எண்கள் மாறிவிட்டன: மோசடி 318, கொலை முயற்சி 109, பாலியல் வன்கொடுமை 64. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்துவிட்டதா, அதாவது இன்ன குற்றத்துக்கு விசாரணை என்று முறைப்படி பதிவு செய்துவிட்டதா என்றும் பத்திரத்தில் இருக்கும். வனைந்திருந்தால் நான் கூடுதல் கவனம் வைப்பேன். வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்றும் பார்க்கலாம். வழக்கு இருப்பவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் வெளியிட வேண்டும் என்பது 2020 பிப்ரவரியில் வந்த உத்தரவு. "வெல்லக்கூடியவர்" என்பது மட்டும் காரணமாகாது என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: யாரையுமே பிடிக்கவில்லை என்றால் நோட்டாவில் போடலாமா?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: போடலாம், 2013 முதல் அந்த உரிமை உண்டு. ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயித்தவர். 2024-இல் இந்தூரில் இரண்டு லட்சத்துக்கும் மேல் நோட்டாவுக்கு விழுந்தது, ஆனாலும் ஒருவர் எம்.பி. ஆனார். ஓட்டுச் சீட்டில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் மேலே, மற்ற பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கீழே வருவார்கள். கீழே இருப்பவர்களின் பத்திரங்களையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.