கிராஜுவிட்டியும் 240 நாளும்: கேள்வி பதில்

கேள்வி: 4 வருடம் 10 மாதத்தில் வேலையை விட்டேன். 5 வருடம் முடியாததால் கிராஜுவிட்டி (வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) இல்லை என்கிறார்களே சார்? (ஓசூர்)

பதில்: அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். தொடர்ச்சியான பணி எது என்று 1972 கிராஜுவிட்டிச் சட்டத்தின் 2ஏ பிரிவு சொன்னது. 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு வருடத் தொடர்ச்சி; உங்கள் ஐந்தாவது வருடமும் அப்படித்தான் கணக்காகும். வாரம் 6 நாளுக்குக் குறைவாக இயங்கும் இடம் என்றால் 190 நாள். முழுச் சம்பள விடுப்பும் பணியிட விபத்தால் வராத நாட்களும் சேரும். மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் கணக்கைத்தான் ஏற்றது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 240 நாள் இருக்கிறது. சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு நகல் கையில் இருக்கிறதா?

கேள்வி: 4 வருடம் 9 மாதம். கிடைக்குமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: நான் ஹெச்.ஆர். 1972 சட்டத்தின் 4-வது பிரிவு 5 ஆண்டு என்றுதானே சொன்னது? நீங்கள் ஆட்களைக் கிளப்பிவிடுகிறீர்கள்.

பதில்: வாங்க. 5 ஆண்டு 'தொடர்ச்சியான பணி' என்றது அந்தப் பிரிவு. பாதியை மட்டும் படித்தால் எப்படி? தொழில் தகராறு சட்டத்தின் 25பி பிரிவில் இதே பேச்சு வந்தபோது, 12 மாதமும் வேலையில் இருந்திருக்கத் தேவையில்லை, 240 நாள் போதும் என்று 1980-ல் சுரேந்திர குமார் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஹெச்.ஆர்.: அது ஆட்குறைப்பு வழக்கு. சென்னைத் தீர்ப்பும் மற்ற மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது.

பதில்: இரண்டும் நியாயமான வாதம். வேறு மாநிலத்தில் எடுத்து வையுங்கள். உங்கள் ஆலை எங்கே?

ஹெச்.ஆர்.: ஸ்ரீபெரும்புதூர்.

பதில்: அப்புறம் என்ன!

கேள்வி: 11 மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். (திருப்பூர்)

பதில்: பழைய தந்திரம். 240 நாள் தாண்டியிருந்தால் அந்த இரண்டு நாள் ஒன்றும் செய்யாது. தமிழ்நாட்டின் 1981 நிரந்தரத் தகுதிச் சட்டத்தில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்றும் இருக்கிறது, பாருங்கள். ஆனால் நாளை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் தொழிலாளிக்கே. 2002-ல் ஹதிமணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபடியும் சொல்கிறேன்: வருகைப் பதிவு நகல்!

கேள்வி: பி.எஃப். எடுத்தால் சர்வீஸ் போகுமா?

பதில்: பி.எஃப். அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: 4 வருடம் 11 மாதம் சார்...

பதில்: மேலே. மேலே. மேலே.

கேள்வி: கணவர் சேர்ந்து 2 வருடத்தில் இறந்துவிட்டார். (சேலம்)

பதில்: அம்மா, மரணத்துக்கு 5 வருட நிபந்தனையே கிடையாது. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கூட்டி, 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, இரண்டால் பெருக்குங்கள். நாமினி யார் என்று பார்த்து நிறுவனத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள்.