காலையில் கேஸ் சிலிண்டருக்கு ஏன் பனி பிடிக்கிறது?

கேள்வி: ஊட்டியில் சிறிய டீக்கடை வைத்திருக்கிறேன், காலை டிபனும் உண்டு. 19 கிலோ சிலிண்டர். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை இரண்டு அடுப்பையும் சேர்த்து எரித்தால், ஒரு மணி நேரத்தில் தீ சுருங்கிவிடுகிறது. சிலிண்டரின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பனி பிடிக்கிறது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே தளும்புகிறது. தண்ணீர் கலந்து அனுப்புகிறார்களோ? மாஸ்டர் சில நாள் சிலிண்டரைப் படுக்கப் போடுகிறார், சில நாள் கொதிநீர் ஊற்றுகிறார். செய்யலாமா?

பதில்: இரண்டையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தண்ணீர் சந்தேகம். சிலிண்டருக்குள் தளும்புவது கேஸேதான், திரவ வடிவில். புரொப்பேன், பியூட்டேன் இரண்டையும் கலந்து அழுத்தி நிரப்புகிறார்கள். அழுத்தம் இருக்கும்வரை திரவமாகவே கிடக்கும். நீங்கள் குமிழைத் திருகியதும் மேலே இருக்கும் வாயு வெளியேறுகிறது, அந்த இடத்தை நிரப்பத் திரவம் கொதித்து வாயுவாகிறது. ஆக, உங்கள் சிலிண்டரும் கொதிக்கிற பானைதான். ஆனால் அதன் அடியில் தீ கிடையாது.

அப்படியானால் கொதிக்க வெப்பம் எங்கிருந்து வரும்? ஊசி போடுமுன் நர்ஸ் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்குமே, அங்கே வெப்பம் நம் தோலிலிருந்து போகிறது. இங்கே திரவத்திலிருந்தும் இரும்புச் சுவரிலிருந்தும் போகிறது. ஒரு கிலோ திரவம் வாயுவாக ஏறக்குறைய 360 கிலோஜூல் வேண்டும். உங்கள் இரண்டு அடுப்பும் மணிக்கு ஒரு கிலோ குடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பத்து கிலோ மிச்சம் இருந்து, வெளியிலிருந்து வெப்பமே வராவிட்டால், ஒரு மணி நேரத்தில் சிலிண்டர் 10 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். சென்னையில் சுற்றியுள்ள காற்று அந்தக் குறையை எளிதில் ஈடுகட்டும். ஊட்டியில் காலை 5 டிகிரியில் நிற்கும் காற்று என்ன கொடுக்கும்? சிலிண்டர் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. காற்றில் இருக்கும் ஈரம் சுவரில் உறைகிறது. நீங்கள் பார்த்த பனி வெளியே உண்டானது, உள்ளிருந்து வந்ததில்லை. பனி எதுவரை ஏறியிருக்கிறதோ ஏறக்குறைய அதுவரை திரவம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம், அந்த வகையில் உபயோகம்தான்.

இன்னொரு சங்கதி. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேனுக்குக் கடல் மட்டத்தில் மைனஸ் அரை டிகிரி வேண்டும். கலவையிலிருந்து புரொப்பேன்தான் முதலில் அதிகமாகக் கிளம்பும். சிலிண்டர் தீரத் தீர உள்ளே மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன், அது குளிரில் சோம்பேறி. அதோடு திரவம் குறைந்தால் சுவரைத் தொடும் பரப்பும் குறைகிறது. அதனால்தான் புது சிலிண்டர் மாட்டிய நாளில் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது.

இப்போது மாஸ்டர் விஷயம். படுக்கப் போட்டால் வாயு வர வேண்டிய வால்வில் திரவம் வரும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். ரெகுலேட்டர் அதற்காகச் செய்ததில்லை. தீ ஆளுயரத்துக்கு எழலாம். கொதிநீர் ஊற்றினால் உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வால்வின் ரப்பர் வளையமும் கெடும். கரி அடுப்பைப் பக்கத்தில் வைப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

கோணியைச் சுற்றி வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கோணி வெளியிலிருந்து வரும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் தடுத்துவிடும். பனியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், அதுவும் ஒரு போர்வைதான்.

செய்ய வேண்டியது இதுதான்: இரண்டு சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் பாதி வேகத்தில் கொதித்தால் போதும், குளிர்வதும் பாதியாகும். இணைப்பை ஏஜென்சி ஆள் வந்துதான் செய்ய வேண்டும், கடையில் கிடைக்கும் குழாயை வைத்து நீங்களே மாட்டாதீர்கள். அதற்கு இப்போது வசதியில்லையா? காலையில் நிறைந்த சிலிண்டரை எரியுங்கள், பாதி தீர்ந்ததை வெயில் ஏறியபின் பயன்படுத்துங்கள். இரவில் கூரைக்கடியில், காற்றோட்டமான இடத்தில், சிமெண்டுத் தரையில் படாமல் பலகை மேல் நிமிர்த்தி வையுங்கள்.

எடையில் சந்தேகம் இருந்தால் டெலிவரி ஆள் முன்னாலேயே நிறுத்துப் பாருங்கள். காலி எடை சிலிண்டரின் மேல்பக்கத்திலேயே எழுதியிருக்கும், அதைக் கழித்தால் 19 கிலோ வர வேண்டும். கேஸ் வாசனை வந்தால் வால்வை மூடி, கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்கு அழையுங்கள்.