க்ளவுடில் பெயர் கிடைக்கவில்லையா? டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை) கேள்வி-பதில்

திருவொற்றியூர் வாசகர்: மைக்ரோசாஃப்டின் அஷூர் க்ளவுடில் இரண்டு விநெட்டுக்கும் (தனி நெட்வொர்க்) நடுவே பியரிங் (நேரடி இணைப்பு) போட்டாச்சு. ஐபி கொடுத்தால் பிங் போகிறது, பெயர் கொடுத்தால் இல்லை. ஏன்?

பியரிங் போட்டால் பாக்கெட் போகும். பெயர் தானாகத் தெரிந்துவிடாது. உள் பெயர்ப் பட்டியலான ப்ரைவேட் ஸோனை இரண்டாவது விநெட்டோடும் லிங்க் செய்யுங்கள்.

ராயபுரம் கிளியரிங் ஆபீஸிலிருந்து: அஷூர் ஸ்டோரேஜுக்கு ப்ரைவேட் எண்ட்பாயிண்ட் (விநெட்டுக்குள் ஒரு உள் ஐபி) போட்டோம், வேலை செய்யவில்லை. அவசரம்.

அவசரம் என்றால், எங்கிருந்து கேட்டீர்கள், எந்த சர்வர் என்ன பதில் சொன்னது என்று இரண்டு வரி எழுத வேண்டாமா? டிஎன்எஸ்ஸிடம் பெயரைக் கேட்டுப் பார்க்கும் என்எஸ்லுக்கப் கமாண்டைப் போடாமல் கேள்வி அனுப்பாதீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பப்ளிக் ஐபி வருகிறது என்று வைத்துக்கொள்கிறேன். அஷூரின் டிஎன்எஸ் சர்வரான 168.63.129.16 விநெட்டுக்குள் இருந்து கேட்டால்தான் பதில் சொல்லும். விபிஎன் வழியாக நேரே கேட்க முடியாது. ஸோன் லிங்க் ஆகியிருக்கும் விநெட்டில் டிஎன்எஸ் ப்ரைவேட் ரிசால்வர் வைத்து, ஆபீஸிலிருந்து வரும் கேள்வியை வாங்கும் இன்பவுண்ட் எண்ட்பாயிண்ட்டுக்குத் தனி சப்நெட் (விநெட்டின் ஒரு துண்டு) ஒதுக்குங்கள், /28 அளவு போதும். ஆபீஸ் டிஎன்எஸ் சர்வரில், கேள்வியை அந்த எண்ட்பாயிண்ட்டுக்கு அனுப்பும் கண்டிஷனல் ஃபார்வர்டரை ப்ளாப் (ஸ்டோரேஜின் ஃபைல் சேமிப்பு) சேவையின் பொதுப் பெயருக்குப் போடுங்கள். 'ப்ரைவேட்லிங்க்' ஒட்டிய பெயருக்குப் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

தண்டையார்பேட்டை வாசகர்: எல்லா சர்வரிலும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (மெஷினுக்குள்ளேயே இருக்கும் பெயர்-ஐபி பட்டியல்) ஐபியை எழுதிவிட்டேன், நன்றாக ஓடுகிறது. டிஎன்எஸ் எதற்கு?

இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. நீங்கள் அனுப்பிய ஃபைலில் டேட்டாபேஸ் பெயருக்கு மேலே 'தற்காலிகம்' என்று ஒரு கமெண்ட் இருக்கிறது. அந்தத் தற்காலிகத்தை யார், எப்போது எடுப்பார்கள்? நாளைக்கு அந்த மெஷினை அழித்துப் புதிதாகப் போட்டால் ஐபி மாறலாம். பழைய ஐபி வேறொரு மெஷினுக்குப் போனால், உங்கள் அப்ளிகேஷன் அங்கே போய்க் கதவைத் தட்டும். மணலி யார்டில் கேட் பாஸ் அடிக்கும் சிஸ்டம் இப்படி ராத்திரி நின்றால் லாரிகள் ரோட்டில் வரிசை கட்டும். டிரைவர்தான் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பார். நெட்வொர்க், ஃபயர்வால் என்று எல்லாரும் தேடுவார்கள், அந்த ஒரு வரி யார் கண்ணிலும் படாது. என்எஸ்லுக்கப்பும் காட்டாது, அது ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்ப்பதே இல்லை. ப்ரைவேட் ஸோனில் ஆட்டோ ரெஜிஸ்ட்ரேஷனைப் போடுங்கள். மெஷின் வந்தால் பெயர் சேரும், போனால் நீங்கும். ஒரு விநெட்டுக்கு அப்படி ஒரே ஒரு ஸோன்தான், ஞாபகம் இருக்கட்டும். இன்றைக்கே அந்த வரிகளை எடுங்கள்.

பெரம்பூர் வாசகர்: அமேசான் க்ளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் டிஎன்எஸ் சேவை ரூட் 53-இல் ப்ரைவேட் ஸோனை விபிசியோடு (அங்கே தனி நெட்வொர்க்கின் பெயர்) இணைத்தும் பதில் இல்லை.

விபிசியில் டிஎன்எஸ் சப்போர்ட், டிஎன்எஸ் ஹோஸ்ட்நேம்ஸ் இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். இரண்டாவதைப் பாருங்கள், நாமாக உருவாக்கும் விபிசியில் அதுதான் பெரும்பாலும் ஆஃபில் கிடக்கும்.

மாதவரம் வாசகர்: கம்பெனி டொமைன் பெயரிலேயே ப்ரைவேட் ஸோன் போட்டதும், உள்ளே இருந்து எங்கள் வெப்சைட்டே திறக்கவில்லை.

திறக்காதுதான். அந்த ஸோனில் இல்லாத பெயருக்கு 'இல்லை' என்ற பதில்தான் வரும், வெளியே போய்த் தேடாது. வெப்சைட் ரெக்கார்டை உள்ளேயும் எழுதுங்கள். அல்லது உள் வேலைக்குத் தனி சப்டொமைன் வையுங்கள், அதுதான் நல்லது. சேர்த்த பிறகும் கொஞ்ச நேரம் பழைய 'இல்லை' கேஷில் (தற்காலிக நினைவில்) இருக்கும். அதற்குள் எதையும் மாற்றாமல் மறுபடி என்எஸ்லுக்கப் போடுங்கள்.

எண்ணூர் வாசகர்: உள் பெயருக்கு '.லோக்கல்' வைக்கலாமா?

வேண்டாம், அது எம்டிஎன்எஸ்ஸோடு (சர்வர் இல்லாமல் பக்கத்து மெஷின்களிடமே பெயர் கேட்கும் முறை) மோதும். 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பான ஐகான் தனிப்பட்ட நெட்வொர்க்குகளுக்கென்றே '.இன்டர்னல்' ஒதுக்கிவிட்டது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.