உங்களுக்கு மிகவும் பிடித்த நடிகரை மகா மட்டமான படமொன்றில் பார்த்த அனுபவம் உண்டா?

உண்டு. நடிகர் இர்ஃபான் கான். படம் ‘தேங்க் யூ’, 2011இல் வந்த ஹிந்தி காமெடி. பார்த்த இடம் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு முன் காம்பரா, அதாவது முன்னறை.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஹிந்தி தெரியாது. ஆனாலும் அது வேற்று மொழி மாதிரித் தோன்றியதில்லை. இலங்கை வானொலியின் ஹிந்தி சேவை ஒரு காலத்தில் இந்தியாவையே கட்டிப்போட்டிருந்தது அல்லவா, அதன் மிச்சம் எங்கள் அம்மாயி வாயில் இருந்தது. ரொட்டி தட்டிக்கொண்டே அர்த்தம் தெரியாத பாட்டை இழுப்பார். பாதி வார்த்தை அவரே போட்டுக்கொண்டதாக இருக்கும்.

இர்ஃபானை நான் கண்டுகொண்டது ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்தில். அப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை. கடைக்கு மேலே ஒரே அறையில் ஆறு பேர். ஒருத்தன் போனில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மும்பையில் ஒரு பெண் புருஷனுக்குக் கட்டி அனுப்பும் அடுக்குச் சாப்பாடு ஆள் மாறி, ஓய்வுபெறப் போகிற ஒரு கணக்கர் மேசைக்குப் போய்விடுகிறது. அவர் திறந்து முகர்ந்து பார்ப்பார். அவ்வளவுதான், வசனம்கூட இல்லை. லீவு முடிந்து அட்டனில் பஸ் ஏறும்போது அம்மா தருகிற சோத்துப் பார்சலை நான் அவிசாவளை வரும்வரை திறக்க மாட்டேன். திறந்தவுடன் எனக்கும் முதலில் மூக்குத்தான் போகும். இந்த ஆள் என்னைப் பார்த்துத்தான் நடிக்கிறாரோ என்றிருந்தது. அன்றிலிருந்து நான் அவர் ஆள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வருவதற்கு இரண்டு நாள் முன் தோட்டத்துக்கு வந்தவன் அங்கேயே மாட்டிக்கொண்டேன். நாடே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. கொழுந்துக்கு அதெல்லாம் தெரியுமா? தோட்டத்தில் காலையில் பிரட்டுக் களத்தில் ஆள் கணக்கு, பிறகு மலையில் கொழுந்து பறிப்பு, எல்லாம் வழக்கம் போல. ஏப்ரல் 29ஆம் தேதி இர்ஃபான் மும்பையில் இறந்துபோனார் என்று போனில் செய்தி வந்தது. 53 வயது. அம்மாவிடம் சொன்னேன். “யாரு, அந்த சாப்பாட்டுக்காரரா?” என்றார். போன தீபாவளிக்கு அவருக்கும் போட்டுக் காட்டியிருந்தேன்.

மேல் டிவிஷனில் இருக்கும் பெரியம்மா மகனிடம் ஹிந்திப் படம் நிறைய இருக்கும். “இர்ஃபான் படம் இருக்கிறதெல்லாம் போட்டுக் கொடு” என்று பென் டிரைவைக் கொடுத்தேன். பதினோரு படம் ஏற்றியிருந்தான். தரம் பிரிக்கத் தெரியாதவன். ஒவ்வொரு சாயந்தரமும் ஒன்று என்று பார்த்துக்கொண்டு வந்ததில் ஆறாவதோ ஏழாவதோ ‘தேங்க் யூ’.

கதை இதுதான். கனடாவில் மூன்று புருஷன்மார், மூன்று பேரும் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஊர் மேய்கிறவர்கள். பாபி தியோல், சுனில் ஷெட்டி, மூன்றாவது நம்மாள். இவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க வருகிற துப்பறிகிறவர் அக்‌ஷய் குமார், கையில் புல்லாங்குழலோடு. இயக்குநர் அனீஸ் பஸ்மீ. இவர் 2005இல் எடுத்த ‘நோ என்ட்ரி’யும் இதே சரக்குத்தான், அது நம் தமிழ் ‘சார்லி சாப்ளின்’ படத்தின் ரீமேக். ஆக, வித்து நம் பக்கத்து வித்து. யாரைக் குறை சொல்ல?

படம் சகிக்கவில்லை. பொய் சொல்வது, மாட்டிக்கொள்வது, ஓடுவது, திரும்பப் பொய் சொல்வது. ஒவ்வொரு ஜோக்குக்கும் பின்னால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம், சிரிக்க மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் போட்ட மாதிரி. எல்லோரும் கத்துகிறார்கள். இர்ஃபான் மட்டும் அவ்வளவு கத்தவில்லை. அந்தத் தூங்கி எழுந்த கண்ணோடு, ஒரு நொடி தாமதித்து, வசனத்தைச் சும்மா கீழே வைக்கிறார். அந்த ஒரு நொடியில் எனக்குப் பழைய ஆள் தெரிகிறார். அடுத்த நொடி ‘டொய்ங்’. கல்யாண வீட்டுக்கு இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த நம் வாத்தியாரைப் பார்த்த மாதிரி எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை வாசல் இஸ்தோப்பில் காயப்போட்டுவிட்டு, காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டே பார்த்தார். பார்த்தவர் சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னாம்மா சிரிக்கிறீங்க? எவ்வளவு பெரிய நடிகர் தெரியுமா? இப்படிக் கேவலப்படுத்தி வச்சிருக்காங்க.”

“ஒனக்கு என்னாடா? அவரு பேரு போட்டிருக்காரு. நல்ல மலையில மட்டும்தான் எடுப்பேன்னு நாங்க நின்னா கங்காணி விடுவாரா?” பேர் போடுவது என்றால் எங்கள் தோட்டத்தில் அன்றைய வேலைக் கணக்கில் பேர் பதிவது.

மாமாவும் அங்கேதான் இருந்தார், அம்மாவின் தம்பி. ஒன்றும் பேசாமல் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சிவன் மன்மதனை எரிக்கிற கதைதான் காமன் கூத்து. எங்கள் தோட்டத்துக் கூத்தில் பல வருஷம் மன்மதன் மனைவி ரதி வேஷம் அவருடையது. மாசியில் பிறை கண்டு காமன் கம்பம் ஊன்றினால், மதனை எரிக்கிற ராத்திரிவரை அவர் வீட்டில் மாமா இல்லை, ரதிதான். எரிந்த பிறகு ரதி புலம்புகிற கட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிறவர்களே கையை மெதுவாக்கிவிடுவார்கள். மீசையை மழித்த, கொழுந்துக் கறை போகாத விரலோடு ஒரு ஆம்பிளை அழுகிறார் என்று ஒருவருக்கும் தோன்றாது. அப்படிப்பட்டவரை 2014இல் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். யார் கூட்டம் என்பது இங்கே வேண்டாம். “காமெடியா ஒண்ணு பண்ணுங்கண்ணே” என்று அதே சேலையைக் கட்டவைத்து, மைக்கில் ஒருவன் அசிங்கமாகக் கேள்வி கேட்க, இவர் வெட்கப்படுகிற மாதிரி ஆட வேண்டும். 2,000 ரூபாய் கொடுத்தார்கள். அப்போது தோட்டத்தில் அடிப்படை நாள் சம்பளம் 450 ரூபாய். நான் பின்வரிசையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் ஆறு வருஷம் கழித்து அம்மா வாயில் கேட்டேன் போலிருக்கிறது, அதனால்தான் அவ்வளவு கோபம்.

பிறகுதான் வருஷக்கணக்கைப் பார்த்தேன். ஸ்டீபிள்சேஸ் என்கிற தடை தாண்டும் ஓட்டத்தில் வீரராகவும் ராணுவக்காரராகவும் இருந்து கொள்ளைக்காரரானவரின் கதை ‘பான் சிங் தோமர்’. இர்ஃபானுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அது 2010இலேயே லண்டன் திரைப்பட விழாவில் காட்டியாயிற்று. தியேட்டருக்கு வந்தது 2012 மார்ச்சில். அதாவது ‘தேங்க் யூ’ ஊரெல்லாம் ஓடியபோது அந்த நல்ல படம் பெட்டிக்குள் கிடந்தது. இவ்வளவு பெரிய ஓட்டத்தை ஓடி முடித்துவிட்டு, அதை யாரும் பார்க்காத நிலையில் ‘டொய்ங்’குக்கு நடுவில் நின்றிருக்கிறார் மனிதர். இது தெரிந்த பிறகு அந்த ஒரு நொடித் தாமதம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. என் கற்பனையாகவும் இருக்கலாம், ரசிகன் கண்ணுக்கு எதுதான் தெரியாது.

அன்று மாமா கடைசியில் ஒன்று சொன்னார். “இவரு மத்தவன் பேசறப்பவும் வேஷத்த விட்டு எறங்கல, கவனிச்சியா?” நான் கவனிக்கவில்லை. அவர் வசனம் பேசும்போது மட்டும் பார்த்து நான் வேதனைப்பட்டுக்கொண்டிருந்தேன். மாமா அவர் சும்மா நிற்கிற இடங்களைப் பார்த்திருக்கிறார். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். காட்சியின் ஓரத்தில், யாரும் பார்க்காத மூலையில் நின்று, ஒரு கள்ளப் புருஷன் எப்படி மூச்சு விடுவானோ அப்படி விட்டுக்கொண்டிருக்கிறார்.

படம் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் வந்தபோது மிச்சத்தைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை. இன்றுவரை முடிவு பார்க்கவில்லை.

நான் திரும்பக் கொழும்புக்கு வந்த பிறகு ஒருநாள் அம்மா போனில், அரிசி விலை, பக்கத்து வீட்டுக் கன்று எல்லாம் சொல்லிவிட்டு, திடீரென்று, “ஏன் தம்பி, அந்த சாப்பாட்டுக்காரர அவரு பொஞ்சாதி மன்னிச்சாளா இல்லியா?” என்று கேட்டார்.

“மன்னிச்சிட்டாம்மா” என்று சொல்லிவைத்தேன்.