பென்சில்வேனியா லைசென்ஸ், நியூ ஜெர்சி பயணம்

நியூ ஜெர்சியின் எடிசனில் அக்கா வீட்டுக்குப் போகும்போது, பென்சில்வேனியா துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதால் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை காரின் முன்பக்க கிளவ் பாக்ஸில் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

இரு மாநில எல்லையான டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் உங்கள் லைசென்ஸ் வெறும் காகிதம். நியூ ஜெர்சி வேறு எந்த மாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை. 2013இல் உங்களைப் போலவே லைசென்ஸ் வைத்திருந்த பிலடெல்பியா பெண் ஒருவரைச் சாலை விதிமீறலுக்காக நிறுத்தினார்கள். "துப்பாக்கி இருக்கிறது" என்று போலீஸிடம் அவரே சொன்னார். உண்மையைச் சொன்னதுதான் மிச்சம், கைதானார். கடைசியில் 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்த பிறகுதான் விஷயம் முடிந்தது. அங்கே இந்தக் குற்றத்துக்குப் பொதுவாக 42 மாதம் பரோலே கிடையாது.

துப்பாக்கியோடு மாநிலம் விட்டு மாநிலம் போவதற்கான 1986 கூட்டாட்சிச் சட்டம் காப்பாற்றுமே என்று நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது நியூ ஜெர்சியைக் கடந்து வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு. நியூ ஹாம்ப்ஷையர் போகிறீர்கள் என்றால் சரி. அப்போதும் குண்டு இறக்கியிருக்க வேண்டும், துப்பாக்கியும் குண்டும் கைக்கு எட்டாமல் டிக்கியில் இருக்க வேண்டும். எஸ்யூவியில் தனி டிக்கி இல்லையே, அதனால் பூட்டிய பெட்டி. கிளவ் பாக்ஸைப் பூட்டினாலும் செல்லாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

அப்புறம், எல்லா மாநிலமும் லைசென்ஸை ஏற்கவைக்கும் மசோதா 2017இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் தேங்கிவிட்டது. அதை நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.